பட்டியலில் இல்லாத நடிப்புகள்: விருதுகள் எப்படித் தவறவிடுகின்றன?

2009 பிப்ரவரி 22 அன்று ஏ. ஆர். ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் நின்று ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்னது நம்மில் பலருக்கு இன்னும் காதில் ஒலிக்கும். அன்றிரவு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பத்துப் பரிந்துரைகளில் எட்டை வென்றது. படம், இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, இசை, பாடல். அந்தப் பத்தில் நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. தேவ் படேல், அனில் கபூர், இர்ஃபான் கான் யாருமே இல்லை. அந்த ஆண்டின் சிறந்த படம் என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒன்றில், அந்த ஆண்டின் சிறந்த இருபது நடிப்புகளில் ஒன்றுகூடவா இருந்திருக்காது?

ஒவ்வொரு ஆண்டும் பட்டியல் வெளிவந்த அடுத்த நிமிடம் ‘இவரை எப்படி விட்டார்கள்?’ என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் கேள்வி கோபத்தோடு நின்றுவிடுகிறது. எப்படித்தான் விட்டார்கள் என்று உட்கார்ந்து பார்த்தால், ‘அரசியல்’, ‘லாபி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதைவிடத் தெளிவான பதில்கள் கிடைக்கின்றன. ஆஸ்கரை முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் விதிகள் வெளிப்படையானவை, அதன் வரலாறும் நன்கு பதிவாகியிருக்கிறது. நம் தேசிய விருதுகள் வேறு முறையில் இயங்குகின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. பரிந்துரையே கிடைக்காமல் போவது ஒன்று. பரிந்துரை கிடைத்து விருது கைநழுவுவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெரிய உதாரணம் பீட்டர் ஓ’டூல். எட்டு முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறையும் வெல்லவில்லை, 2003-இல் கௌரவ ஆஸ்கர் மட்டும் பெற்றார். கிளென் குளோஸும் இதுவரை எட்டு முறை அந்த அரங்கத்தில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர். வருத்தம்தான். ஆனாலும் அவர்களுடைய வேலை கவனிக்கப்பட்டது, அதன் பதிவு இருக்கிறது. பரிந்துரையே இல்லாதவர்களுக்கு அந்தப் பதிவும் கிடையாது. எனக்கு அதிகம் உறுத்துவது அந்த முதல் வகைதான்.

எண்ணும் முறை

அமெரிக்கத் திரைப்பட அகாடமியில் 10,000 பேருக்கு மேல் உறுப்பினர்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் பரிந்துரை செய்வதில்லை. ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்புக்குத் தொகுப்பாளர்கள், நடிப்புக்கு நடிகர்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாப் பிரிவினரும் பரிந்துரைக்கிறார்கள். நடிகர் பிரிவுதான் இருப்பதிலேயே பெரியது. ஆனாலும் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். உலகத்தில் ஓராண்டில் வரும் நடிப்புகளில் எது பட்டியலுக்குள் வரும் என்பதை இந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் முடிவு செய்கிறார்கள்.

ஒவ்வொருவரும் ஒரு பிரிவுக்கு ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எண்ணத் தொடங்கும்போது முதல் இடத்தில் எழுதிய பெயரை மட்டுமே எண்ணுவார்கள். 1,200 வாக்குச்சீட்டுகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இடங்கள் ஐந்து. ஐந்தோடு ஒன்று கூட்டினால் ஆறு, 1,200-ஐ ஆறால் வகுத்தால் 200, அதற்கு மேல் ஒன்று. ஆக 201 முதலிட வாக்குகள் வாங்கியவர் உடனே உள்ளே போய்விடுவார். மிகக் குறைவாக வாங்கியவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அதில் இரண்டாவதாக எழுதப்பட்டவருக்குப் போகும். ஐந்து பேர் தேறும்வரை இது தொடரும்.

நம் மாநிலங்களவைத் தேர்தலும் இதே கணக்குத்தான். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள், ஆறு இடங்கள் என்றால் ஒரு வேட்பாளருக்கு 34 வாக்குகள் போதும். 34 பேர் ஒருவரை உறுதியாக முதலிடத்தில் வைத்துவிட்டால் மற்ற 200 பேர் அவரைப் பற்றி என்ன நினைத்தாலும் அவர் டெல்லிக்குப் போய்விடுவார்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு நடிப்பை ஆயிரம் பேர் ரசித்து, ஆயிரம் பேரும் மூன்றாவது இடத்தில் எழுதியிருக்கிறார்கள். முதலிடத்தில் எழுதியவர் யாருமில்லை. அந்த நடிப்பு முதல் சுற்றிலேயே கணக்கை விட்டுப் போய்விடும். இருநூறு பேர் பித்துப் பிடித்ததுபோல் நேசித்த இன்னொரு நடிப்பு உள்ளே வந்துவிடும். விருதுப் பட்டியலைப் ‘பெரும்பாலானோருக்குப் பிடித்தவை’ என்று நாம் வாசிக்கிறோம். அது உண்மையில் ‘சிலருக்கு எல்லாவற்றையும்விட அதிகம் பிடித்தவை’ என்ற பட்டியல். மெல்லிய நடிப்புகள், குழுவாக நடித்த படங்களில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் நடிப்புகள் ஏன் அடிக்கடி நழுவுகின்றன என்பதற்கு இது ஒன்றே பாதி விடை.

2023 ஜனவரியில் இந்தக் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வேலை செய்தது. ‘டூ லெஸ்லி’ என்ற சின்னப் படம், திரையரங்குகளில் சுமார் 27,000 டாலர்தான் வசூல். விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. அதில் குடிப்பழக்கத்தோடு போராடும் தாயாக நடித்த ஆண்ட்ரியா ரைஸ்பரோவுக்காக சக நடிகர்கள் பலர் வாக்களிப்புக் காலத்தில் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் எழுதினார்கள், கேட் வின்ஸ்லெட் போன்றவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். எழுதியவர்களும் நடிகர்கள், வாக்காளர்களும் நடிகர்கள். பரிந்துரை கிடைத்தது. அதே பிரிவில் எல்லோரும் எதிர்பார்த்த இரண்டு பெயர்கள் இல்லை: ‘தி வுமன் கிங்’ படத்தின் வயோலா டேவிஸ், ‘டில்’ படத்தின் டேனியல் டெட்வைலர். இருவரும் கறுப்பினப் பெண்கள், இருவரும் அதற்கு முன் அமெரிக்க நடிகர் சங்கத்தின் பரிந்துரையையும் பிரிட்டிஷ் விருதான பாஃப்டாவின் பரிந்துரையையும் பெற்றிருந்தவர்கள்.

அகாடமி அந்தப் பிரசாரத்தை ஆராய்ந்தது. பரிந்துரையை ரத்து செய்யவில்லை, பிரசார விதிகளை மட்டும் பின்னர் இறுக்கியது. ரைஸ்பரோவின் நடிப்பு உண்மையிலேயே நல்ல நடிப்பு, அவர்மீது பழி போடுவது தவறு. ஆனால் அந்த ஆண்டு ஒரு விஷயம் தெளிவாயிற்று. எந்த நடிப்பு ஒரு சிறு வட்டத்தின் முதலிடத்தைப் பிடிக்கிறது என்பது, அந்த வட்டத்துக்குள் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

படம் வேண்டும், முகம் வேண்டாம்

இப்போது ‘ஸ்லம்டாக்’ புதிர் அவிழ்கிறது. அது தனி நிகழ்வும் கிடையாது. 1987-இன் ‘தி லாஸ்ட் எம்பரர்’ ஒன்பது பரிந்துரை, ஒன்பது விருது. நடிப்புக்கு எதுவும் இல்லை. 2000-இன் ‘கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ பத்துப் பரிந்துரை, நான்கு விருது. நடிப்புக்கு எதுவும் இல்லை. 2012-இன் ‘லைஃப் ஆஃப் பை’ பதினொரு பரிந்துரை, அதில் ஒன்று பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டுக்கு. நடிப்புக்கு எதுவும் இல்லை. 2019-இன் ‘பாரசைட்’ சிறந்த படம் உட்பட நான்கு விருது. அதிலும் நடிப்புக்கு எதுவும் இல்லை.

‘பாரசைட்’ பார்த்தவர்கள் சோங் காங்-ஹோவை மறந்திருக்க மாட்டார்கள். முதலாளி வீட்டு மேசைக்கடியில் அவர் பிள்ளைகளோடு ஒளிந்து கிடக்கிறார். மேலே சோபாவில் முதலாளி தன் மனைவியிடம் இவருடைய உடல் நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். சோங் காங்-ஹோவுக்கு வசனம் கிடையாது. அசையவும் முடியாது. அந்த முகத்தில் நடப்பதுதான் படத்தின் பிற்பகுதி முழுவதற்கும் காரணம். அதே படக்குழுவின் இயக்கத்தையும் எழுத்தையும் உலகின் சிறந்தது என்று ஏற்றுக்கொண்டவர்கள் இந்த முகத்தை ஐந்தில் ஒன்றாக எழுதவில்லை.

இயக்குநரின் வேலையையும் ஒளிப்பதிவையும் மதிப்பிட முகம் பழகியிருக்க வேண்டியதில்லை. நடிப்பை முதலிடத்தில் எழுதுகிறவரோ பெரும்பாலும் தான் அறிந்த ஒரு நடிகரை, அவர் முன்பு செய்தவற்றோடு ஒப்பிட்டு, ‘இந்த முறை என்னமாய் மாறியிருக்கிறார்’ என்று வியந்து எழுதுகிறார். சோங் காங்-ஹோவை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அந்த வியப்பு வராது. அவர் அப்படியே அந்த டிரைவராகவே இருப்பதாகத் தோன்றிவிடும். நடிப்பின் உச்சமே நடிப்பாகத் தெரியாமல் போய்விடுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் மேலே சொன்ன ஐந்து படங்களுக்கும் பொருந்துகிற ஊகம்.

வாக்காளர்கள் மாறினால் பட்டியலும் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையர்களாக இருந்தார்கள். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அகாடமி உலகமெங்கும் புது உறுப்பினர்களை அழைக்கத் தொடங்கியது, 2018-இல் மட்டும் 928 பேர். நம் ஊரிலிருந்து 2022-இல் சூர்யாவும் 2025-இல் கமல் ஹாசனும் அழைக்கப்பட்டார்கள். இதற்கிடையில் ‘மினாரி’ படத்துக்காகக் கொரியாவின் யுன் யோ-ஜோங் துணை நடிகை விருதை வென்றார். ‘கிரவுச்சிங் டைகர்’ காலத்தில் கண்டுகொள்ளப்படாத மிஷெல் யோ 2023 மார்ச்சில் சிறந்த நடிகை ஆனார். இருபத்திரண்டு ஆண்டு தாமதம்.

பேயும் சிரிப்பும்

திகில் படங்களில் நடிப்பவர்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-இல் வந்தது. ஜேனட் லீக்குப் பரிந்துரை கிடைத்தது, நார்மன் பேட்ஸாக நடித்த ஆன்டனி பெர்கின்ஸுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் மனப்பிறழ்வுள்ள பாத்திரத்தில் யார் நடித்தாலும் அவரோடு ஒப்பிடாமல் விமர்சனம் எழுத முடியாது. 2018-இல் ‘ஹெரெடிட்டரி’ படத்தின் டோனி கொலெட், 2019-இல் ‘அஸ்’ படத்தில் ஒரே பெண்ணின் இரண்டு வடிவங்களாக நடித்த லுபிடா நியாங்கோ. இருவரும் பட்டியலில் இல்லை. லுபிடாவுக்கு நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த நடிகை விருது கொடுத்திருந்தார்கள், சக நடிகர்களின் சங்கமே பரிந்துரைத்திருந்தது. ‘சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ போன்ற விதிவிலக்குகள் உண்டு, விரல்விட்டு எண்ணலாம்.

நகைச்சுவைக்கும் இதே கதி. ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்துக்கு 1952-இல் மொத்தம் இரண்டே பரிந்துரைகள், சிறந்த படம் பட்டியலில் இடமில்லை. சிரிக்க வைப்பவரும் பயமுறுத்துபவரும் கடினமான வேலை எதையும் செய்யவில்லை என்ற எண்ணம் எல்லா ஊர் நடுவர்களுக்கும் இருக்கிறது. அழ வைப்பவருக்குத்தான் மரியாதை.

கடனைத் திருப்பித் தரும் விருது

தவறிவிட்டது என்று தெரிந்தபின் வாக்காளர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வாய்ப்பில் ஈடுகட்டுவார்கள். அதுவே புதிய அநியாயத்துக்கு வழி திறக்கும்.

1934-இல் ‘ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்’ படத்தில் பெட் டேவிஸ் ஈவிரக்கமற்ற ஒரு பெண்ணாக நடித்தார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லாத நடிப்பு, அந்தக் காலத்து ஹாலிவுட் நாயகி ஒருவர் துணிய மாட்டாத வேலை. அவர் வார்னர் நிறுவனத்து நடிகை, ஆனால் இந்தப் படத்தை எடுத்தது ஆர்.கே.ஓ. நிறுவனம். அந்தக் காலத்தில் நிறுவனங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டமாக வாக்களிக்க வைக்கும் வழக்கம் இருந்தது. இரவல் போன நடிகைக்கு எந்தப் பக்கத்துக் கூட்டமும் இல்லை. பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. எழுந்த கூச்சலில் அகாடமி பணிந்து, பட்டியலில் இல்லாத பெயரையும் சீட்டில் எழுதி வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. அப்படியும் அவர் வெல்லவில்லை. மறு ஆண்டு ‘டேஞ்சரஸ்’ என்ற சுமாரான படத்துக்கு அவருக்கு விருது கொடுத்தார்கள். அது எதற்கான விருது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாக்குகளை எண்ணும் பொறுப்பு பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற வெளி நிறுவனத்துக்குப் போனதும் அந்தச் சமயத்தில்தான். பெயர் எழுதும் முறையோ விரைவிலேயே கைவிடப்பட்டது. அதற்குள் ஹால் மோர் என்ற ஒளிப்பதிவாளர் அந்த வழியாகவே ஆஸ்கர் வாங்கிவிட்டார், அப்படி வென்றவர் அவர் ஒருவர்தான்.

அல் பசீனோவின் கதை இன்னும் நீளமான சங்கிலி. ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்கு அவர் வெல்லவில்லை. பல தோல்விகளுக்குப் பிறகு 1992-இன் ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ படத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அவரோடு போட்டியிட்டவர் ‘மால்கம் எக்ஸ்’ படத்தின் டென்சல் வாஷிங்டன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எது பெரிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. டென்சல் சிறந்த நடிகர் விருதுக்கு 2001-இன் ‘டிரெய்னிங் டே’ வரை காத்திருந்தார்.

‘மால்கம் எக்ஸ்’ இயக்கிய ஸ்பைக் லீக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. 1989-இன் ‘டூ தி ரைட் திங்’ சிறந்த படம் பட்டியலில் இல்லை. விழா மேடையிலேயே நடிகை கிம் பேசிங்கர், இந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய ஒரு படம் இல்லை, எல்லாவற்றிலும் பெரிய உண்மையைச் சொல்வது அதுவாக இருக்கலாம் என்று பேசினார். அந்த ஆண்டு வென்ற ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’ ஒரு வெள்ளைக்கார மூதாட்டியும் அவருடைய கறுப்பின டிரைவரும் நட்பாவதைப் பற்றியது. லீக்குப் போட்டி ஆஸ்கர் 2019-இல்தான் வந்தது, தழுவல் திரைக்கதைக்கு. அன்று சிறந்த படமாகத் தேர்வானது ‘கிரீன் புக்’. அதிலும் ஒரு கார், ஒரு டிரைவர், இனம் கடந்த ஒரு நட்பு.

நம் பக்கம்

தேசியத் திரைப்பட விருதில் ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் கிடையாது. சிறு நடுவர் குழு சேர்ந்து படம் பார்த்து, பேசி முடிவெடுக்கிறது. இப்போது மண்டலக் குழுக்கள் முதலில் சலித்து அனுப்ப, மையக் குழு இறுதி செய்கிறது. நண்பர் வட்டத்தின் பிரசாரம் இங்கே அவ்வளவு எடுபடாது. ஆனால் அந்த ஆண்டு குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த மொழியின் வாசனை தெரியும் என்பதெல்லாம் தீர்மானிக்கும்.

‘சிவாஜிக்கு ஏன் தேசிய விருது இல்லை?’ என்பது நம் நிரந்தர ஆதங்கம். இதில் ஒரு பகுதிக்கு விடை எளிது. நடிகர், நடிகைக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. ‘பராசக்தி’, ‘பாசமலர்’, ‘கர்ணன்’ வந்தபோது கொடுப்பதற்கு அப்படியொரு விருதே இல்லை. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தபோதும், சொந்த நாட்டு அரசிடம் அதற்கு இணையான ஒன்று கிடையாது. ‘திருவிளையாடல்’ தருமிக்காக நாகேஷுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். துணை நடிகர் விருது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகான தவறுகளுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. 1985-இன் ‘முதல் மரியாதை’யைச் சொல்கிறேன். உரத்த குரலும் விரிந்த கண்களுமாக முப்பது ஆண்டு திரையை ஆண்ட ஒருவர், அத்தனையையும் கீழே வைத்துவிட்டு, தோளில் துண்டோடு நடந்துவரும் ஒரு கிராமத்துப் பெரியவராக மட்டும் இருந்தார். ராதா நடித்த குயில் என்ற பெண்ணோடு பேசும்போது அவர் முகத்தில் வரும் கூச்சத்தை அதற்கு முன் எந்தச் சிவாஜி படத்திலும் நான் பார்த்ததில்லை. படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது கிடைத்தது, பாடலுக்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தது. நடிகர் விருது ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்தின் சசி கபூருக்குப் போனது. சசி கபூர் நல்ல நடிகர், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று மலைச்சாமியின் பேச்சில் இருந்த மண்ணின் தொனியை வசன வரி மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும்? ‘தேவர் மகன்’ படத்துக்காகச் சிவாஜிக்குச் சிறப்பு நடுவர் விருது என்று ஒன்று 1992-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டது. பெட் டேவிஸுக்குக் கொடுத்ததைப் போன்ற பாக்கி அது.

ஆஸ்கரின் வேற்றுமொழிப் படப் பிரிவுக்கு இந்தியப் படம் போகும் வழியிலும் ஒரு குறுகிய வாசல் இருக்கிறது. ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம், நமக்காக அதைத் தேர்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு. 1969-இல் சிவாஜியின் ‘தெய்வ மகன்’ அப்படிப் போனது. 2013-இல் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ போகவில்லை. 2024-இல் பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ கான் விழாவின் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீயை வென்று வந்திருந்தது. நம் குழு ‘லாபதா லேடீஸ்’ படத்தை அனுப்பியது, அது பதினைந்து படங்களின் முதற்பட்டியலில்கூட இடம்பெறவில்லை. இங்கே உலகம் தவறவிட்டது என்று சொல்ல முடியாது. வாசலை நாமே சாத்தினோம்.

விதிகள் கூச்சலுக்குச் செவிசாய்க்கின்றன என்பது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. ‘தி டார்க் நைட்’ சிறந்த படம் பட்டியலில் இடம்பெறாததால் எழுந்த எதிர்ப்பையொட்டி, அடுத்த முறையே ஐந்து இடங்கள் பத்தாயின. ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை 2025-இல் கொண்டுவந்தார்கள். இத்தனை காலம் அது கட்டாயமாக இல்லை என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நடிகர் தேர்வுக்கு விருது வந்துவிட்டது. அடுத்து ஸ்டண்ட். 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் உண்டு. இதில் நாம் முந்திக்கொண்டோம், 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கே நம் தேசிய விருதில் அது வந்துவிட்டது, முதலில் வாங்கியவர் ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன். 1928-இல் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஒரு படத்துக்காக, ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் தன் மேல் சரிந்து விழ, மாடி ஜன்னல் திறப்பு சரியாகத் தன்னைச் சுற்றி இறங்கும்படி அசையாமல் நின்றார். சுவர் நிஜச் சுவர், அடையாளக் குறி ஓரடி தப்பியிருந்தால் உயிர் போயிருக்கும். முதல் ஆஸ்கர் விழா அந்த ஆண்டுப் படங்களுக்குத்தான் நடந்தது. அவருக்கு அன்று எதுவும் தரவில்லை. 1960-இல் கூப்பிட்டு ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.